மூக்கே அளவுகோல்

1610-ல் இங்கிலாந்தில் ஒரு பன்றிக்கொட்டில் வழக்கு தீர்ப்புக்கு வந்தது. நார்ஃபோக்கைச் சேர்ந்த வில்லியம் ஆல்ட்ரெட், தம் வீட்டை ஒட்டித் தாமஸ் பென்டன் கட்டிய கொட்டிலின் நாற்றத்தில் குடியிருக்க முடியவில்லை என்று முறையிட்டிருந்தார். பன்றி மனிதருக்கு உணவாவது, அதன் வாடையைக்கூடப் பொறுக்காத மூக்கு யாருக்கும் இருக்கலாகாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஆல்ட்ரெட்டே வென்றார். ஆனால் எவ்வளவு நாற்றம் வரை பொறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல அன்று வழியில்லை.

அதற்கு ஒரு வழியைக் காட்டியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருந்த உடலியங்கியல் அறிஞர் ஹென்ட்ரிக் ஸ்வார்டமாக்கர். 1888-ல் அவர் விவரித்த கருவி எளிமையானது: மணமுள்ள பொருளால் ஆன ஓர் உருளை, அதற்குள் நகரும் கண்ணாடிக் குழாய். குழாயின் மறுமுனை மூக்கில் இருக்கும். உருளையின் உட்புறம் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு மணம் கூடும். மூக்கு முதலில் உணரும் இடமே அளவு.

கால்நடைப் பண்ணைகள் பெருத்த இருபதாம் நூற்றாண்டில், மனித மூக்கை நம்புவதைவிட வாயுக்களை அளப்பதே மேல் என்று பலருக்குத் தோன்றியது. ஜப்பான் அப்படித்தான் தொடங்கியது. 1971-ல் நாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ளிட்ட 5 பொருள்களுக்கு முதலில் வரம்பு வைத்தது. கோழி எருவிலும் பன்றிச் சாணத்திலும் எழும் வாடையோ நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. ஒவ்வொன்றும் வரம்புக்குள் அடங்கியிருக்க, மொத்த நாற்றம் மட்டும் ஊரை விரட்டக்கூடும்.

இதற்கு மாற்றாக டோக்கியோவில் உருவானது முக்கோணப் பை முறை. சோதிப்பவர் முன் 3 பைகள் வைக்கப்படும். இரண்டில் மணமற்ற காற்று, ஒன்றில் பண்ணைக் காற்றைப் பலமடங்கு நீர்க்கச் செய்தது. நாறும் பை எது என்று அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த சுற்றில் இன்னும் நீர்ப்பு. ஊகித்தே தொடர்ந்து தப்பவும் முடியாது, பண்ணைக்காரர் மேலுள்ள கோபத்துக்கும் இதில் இடமில்லை. 1995-ல் திருத்தப்பட்ட தேசியச் சட்டமும் மூக்கின் தீர்ப்பை ஏற்றது.

ஐரோப்பா மூக்கையே தரப்படுத்தியது. 2003-ல் வந்த இஎன் 13725 தரநிலைப்படி, சோதிப்பவர் பியூட்டனால் வாயுவை நூறு கோடியில் 20 முதல் 80 பங்கு என்ற செறிவுக்குள் உணர வேண்டும். அதற்குக் கீழே உணரும் கூர்மூக்கும் வேண்டாம், மேலே போனால்தான் உணரும் மந்தமூக்கும் வேண்டாம். மாதிரிக் காற்றை 1,000 மடங்கு நீர்க்கச் செய்த பிறகு குழுவில் பாதிப் பேர் மட்டும் உணர்ந்தால், அதன் செறிவு கனமீட்டருக்கு 1,000 நாற்ற அலகு.

ஜெர்மனி ஆய்வகத்தை விட்டு ஊருக்குள் இறங்கியது. பயிற்சி பெற்றவர் ஓர் இடத்தில் 10 நிமிடம் நின்று, 10 விநாடிக்கு ஒருமுறை நாற்றம் உண்டா இல்லையா என்று குறிப்பார். பத்தில் ஒரு பங்கு நேரம் நாறினால் அது ‘நாற்ற மணி’. குடியிருப்புப் பகுதியில் ஆண்டின் மணிகளில் 10 சதவீதம் வரை அது அனுமதிக்கப்படும். எந்தப் பிராணியின் வாடை என்பதும் கணக்கில் உண்டு: இறைச்சிக்கோழிக்கு 1.5, கொழுக்கவைக்கும் பன்றிக்கு 0.75, கறவை மாட்டுக்கு 0.5 என்று நாற்ற மணிகள் பெருக்கப்படும். 2021-ல் இந்த விதிகள் அந்நாட்டின் காற்றுத் தூய்மை ஒழுங்குமுறையிலேயே சேர்க்கப்பட்டன.