காது கேட்காத வெள்ளை குட்டிகள்! ராஜபாளையம் நாய்க்கு சொந்தத்தில் கிராஸ் போடுவதால் வரும் ஆபத்து

ராஜபாளையம்:

பால் போல வெள்ளை நிறம், ரோஸ் கலர் மூக்கு, காற்றைப் போல ஓட்டம். விருதுநகர் மாவட்டத்தின் பெயரை நாடு முழுக்க கொண்டு போனது ராஜபாளையம் நாய். 2005-ம் ஆண்டு மத்திய அரசு இதற்கு தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி ரேடியோவில் பேசும்போது பெயர் சொல்லி பாராட்டினார்.

ஆனால் ஆசை ஆசையாக காசு கொடுத்து வாங்கிப் போன குட்டி, எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் படுத்திருந்தால் எப்படி இருக்கும்? இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு. அதற்கான காரணம் வருமாறு:-

வெள்ளை நிறமே வினை

உடம்புக்கு கலர் கொடுக்கும் செல்கள்தான் உள்காது வேலை செய்யவும் தேவை. சுத்த வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு இந்த செல்கள் உள்காதுக்கு போய்ச் சேருவதில்லை. அதனால் பிறந்த சில வாரங்களிலேயே காது அடைத்துப் போகிறது. மருந்து, மாத்திரை எதுவும் பலிக்காது. புள்ளி போட்ட டால்மேஷன் நாய்க்கும் இதே தொல்லை இருக்கிறது.

சொந்தத்தில் சேர்த்தால்...

சொந்தத்துல பொண்ணு எடுத்தா பிள்ளைக்கு குறை வரலாம்னு டாக்டருங்க சொல்றாங்களே, நாய்க்கும் அதே கதைதான்.

ஒவ்வொரு குணத்துக்கும் அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என இரண்டு மரபணு வருகிறது. ஒன்று கெட்டிருந்தாலும் பல நேரம் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். ஒரே ரத்தத்தில் சேர்த்தால் ரெண்டு பக்கமும் கெட்டதே வந்து விழ வாய்ப்பு அதிகம். ஒரே ஈத்தில் பிறந்த ஆணையும் பெட்டையையும் சேர்த்தால், குட்டியின் மரபணுவில் சராசரியாக நூற்றுக்கு 25 பங்கு இரண்டு பக்கமும் ஒரே நகலாகி விடும். அப்பனையும் மகளையும் சேர்த்தாலும் அதே 25 தான். அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் பன்னிரண்டரை.

இப்படியே பல தலைமுறை போனால் குட்டிகளின் எண்ணிக்கை குறையும், நோஞ்சான் குட்டிகள் பிறக்கும், நோயை தாங்கும் சக்தியும் போய்விடும்.

கண்காட்சியில் பரிசு வாங்கிய ஒரே ஆண் நாயிடம் ஊரே பெட்டையை கொண்டு போவதும் தப்பு. அடுத்த வருஷம் அந்த வட்டாரத்து குட்டி எல்லாம் அண்ணன் தங்கச்சி ஆகிவிடும். அப்புறம் வெளி ரத்தத்துக்கு எங்கே போவது? அதற்காக வேறு இன நாயோடு கண்டபடி கலந்தால் ராஜபாளையம் என்பது பெயரில் மட்டும்தான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

* மூன்று தலைமுறை அப்பா, அம்மா விவரத்தை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

* வேறு வழி ரத்தம் உள்ள ஆண் நாயை வெளியூரில் தேட வேண்டும். ஒரே ஆணை திரும்பத் திரும்ப விடக்கூடாது.

* காது கேட்காத நாயை கிராஸ் போடக்கூடாது. கருத்தடை செய்து வீட்டில் வளர்க்கலாம். கை சைகை காட்டினால் நன்றாக கற்றுக்கொள்ளும். ரோட்டில் கொண்டுபோய் விடுவது பாவம்.

* 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, நாய் குட்டி விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் சேர்க்கக்கூடாது. ஆயுளுக்கு 5 ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது.

வாங்குவோர் கவனத்துக்கு

குட்டி தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று பாத்திரத்தை தட்டிப் பாருங்கள். தரை அதிரக்கூடாது, அதிர்ந்தால் செவிட்டுக் குட்டியும் முழித்துவிடும். ஒவ்வொரு குட்டியையும் தனியாக வைத்து பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இதில் கண்டுபிடிக்க முடியாது. பேயர் என்ற கருவி பரிசோதனைதான் அதை காட்டும்.

தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். தகப்பன் நாய் எந்த ஊர், தாய்க்கு சொந்தமா என்றும் கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் பணத்தை எடுக்காமல் திரும்பி வந்துவிடுவதே நல்லது.