வழி மாறிய பின் ஊர்: மல்வேர்ன், சுமாகோ, ஒரத்தநாடு

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் மார்க்கம் வீதிப் பேருந்தில் மல்வேர்னைக் கடப்பவர் கண்ணில், அது வழிப்போக்கரை நம்பிப் பிறந்த ஊர் என்பதற்கான தடயம் எதுவும் படாது. 1850களில் இவ்வீதிச் சந்தியில் இருந்த ஒரு பலசரக்குக் கடையில் தபால் கந்தோர் திறந்தது. கொல்லன் பட்டறை, தங்குவிடுதி, தேவாலயம் எனக் கிராமம் பெருகியது. கனடாவின் முதல் செனட்டர்களுள் ஒருவரான டேவிட் ரீசர் இங்கே மனைகள் பிரித்து விற்றார். ஆனால் 1871இல் ரொறன்ரோ–நிபிசிங் ரயில்பாதை மேற்கே உள்ள அஜின்கோர்ட் வழியே போயிற்று. 1884இல் ஒன்ராறியோ–கியூபெக் பாதையும் அங்கேயே வந்தது. வணிகம் மேற்கே நகர்ந்தது. 1950களில் அரசு விளைநிலங்களைக் கையகப்படுத்தியது. 1970களில் புதுக் குடியிருப்பு எழ, பழைய கிராமம் மறைந்தது.

ரயில் வந்ததால் ஊர் அழிந்தது என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. ரயில் ஒதுக்கிய ஊர்கள் எல்லாம் அழிந்துவிடவில்லை. வழிப்போக்கரைப் பேணும் பொறுப்பு யாருடையதாக இருந்தது என்று கேட்டால்தான் வேறுபாடு விளங்கும்.

ஜப்பானின் நகசெண்டோ நெடுவழியில் எடோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே 69 தங்கல் ஊர்கள் இருந்தன. 42ஆவது, கிசோ பள்ளத்தாக்கின் சுமாகோ. அரசாங்கப் பயணிகளுக்கு ஆளும் குதிரையும் தருவது இவ்வூர்களின் கட்டாயக் கடமை. பிரபுக்கள் தங்கத் தனி மாளிகையும் உண்டு. 1870களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிந்தது. 1911இல் நிறைவுற்ற சூவோ ரயில்பாதையும் சுமாகோவைத் தொடாமல் போயிற்று. இடித்துக் கட்ட வசதியில்லாததாலும் பழைய மரவீடுகள் தப்பின. 1968இல் சீரமைப்புத் தொடங்கியது. 1971இல் வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊரார் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். 1976இல் தேசியப் பாதுகாப்புக் கிடைத்தது. இன்று பயணிகள் மலைப்பாதையில் நடந்துவந்து காணும் சுமாகோ, அந்த உடன்பாட்டால் நிற்பது.

தமிழ்நாட்டில் இப்பொறுப்பு அறக்கட்டளையாக அமைந்தது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் மராத்திய அரசர்கள் சத்திரங்கள் கட்டினர். பல அரச குடும்பப் பெண்களின் பெயரால் எழுந்தவை. 1799 உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சியை இழந்த இரண்டாம் சரபோஜி, சத்திரங்களை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் இவ்வரலாற்றின் தலையாய ஆவணம். எந்தச் சாதியாராயினும் வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசி, நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் யாரேனும் உண்டா என்று கேட்டு அழைப்பது, நோயுற்றவருக்கும் பாம்பு தீண்டியவருக்கும் மருத்துவர், கைக்குழந்தைக்குப் பால், அனாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவும் படிப்பும். ஓர் அரசின் கடமைகள் பலவும் அதில் அடங்கியிருக்கின்றன.

1802இல் அவ்வழியில் உள்ள ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் நிறுவப்பட்டது. அதன் செலவுக்கு வருமானம் பயணிகளிடமிருந்து வரவில்லை, நிலக்கொடையிலிருந்து வந்தது. ஆகவே 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, நடந்துபோவோர் அருகிய பிறகும் சத்திரம் வேறு பணிக்குத் திரும்ப முடிந்தது. மாணவர்கள் அங்கே தங்கிப் படித்தனர்.

மல்வேர்னில் விடுதி தனியார் தொழில், மனை விற்பனைப் பொருள். வருவாய் நின்றதும் ஊரைக் காக்கும் கடமை எவருக்கும் இல்லை.

ஆயினும் தங்கல் ஊர் என்ற அதன் குணம் மீண்டும் தோன்றியது. 1983க்குப் பின் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர் பலர் ஸ்காபரோவில் முதலில் தங்கியது, முன்னே வந்த உறவினரின் பேஸ்மென்ட்களில்தான். யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறையில், தெருவுக்கு மேல் கூரையிட்ட வழிப்போக்கர் மடமான தெருமூடி மடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது புதிய பண்பும் அல்ல. சரபோஜியின் கடிதம் போல் இதற்கு எழுத்துச் சான்று எவரும் விட்டுச்செல்லப்போவதில்லை. யார் வீட்டில் எத்தனை பேர் தங்கினர், எத்தனை மாதம், வாடகை வாங்கினார்களா, வேலை தேடிக் கொடுத்தது யார் என்பவற்றை முதலில் வந்தவர்கள் முதுமை எய்தியுள்ள இப்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். மல்வேர்ன் நூலகக் கிளையும் தமிழ் அமைப்புகளும் சேர்ந்தால் இது முடியும்.