ஹெட்லெஸ் கட்டமைப்பு: உறுப்பினர் சமூகங்களில்

இணையச் சேவையொன்றின் தரவையும் விதிகளையும் ஓரிடத்தில் வைத்து, பயனர் பார்க்கும் திரைகளைத் தனியே அமைக்கும் முறை ஹெட்லெஸ் கட்டமைப்பு. இரண்டையும் ஏபிஐ என்னும் நிரல் இடைமுகம் இணைக்கும். 2016 டிசம்பரில் வெளியான வேர்டுபிரஸ் தள மென்பொருளின் 4.7 பதிப்பில் உள்ளடக்கத்துக்கான ரெஸ்ட் ஏபிஐ சேர்ந்தபின், இம்முறை சிறிய அமைப்புகளுக்கும் எட்டியது.

உறுப்பினர் சந்தாவும் சீசன் டிக்கெட்டும் புரவலர் நன்கொடையும் தாங்கும் அமைப்புகளுக்குக் கச்சேரிகள் நடத்தும் சென்னை சபாக்கள் நல்ல எடுத்துக்காட்டு. தியாகராய நகரில் மட்டும் வாணி மகால், ஸ்ரீ கிருஷ்ண கான சபா எனப் பெயர்பெற்றவை பல. கொரோனாக் காலத்தில், 2020 டிசம்பரில், நகர சபாக்களின் கூட்டமைப்பு 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' விழாவைக் கலாகேந்திரா தளத்தின் வழியே இணையத்தில் நடத்தியது. அரங்கின் இருக்கைகளோடு நின்ற ரசிகர் வட்டம் கடல் கடந்தது.

வட்டம் விரிந்தால் வாசல்களும் பெருகும்: இணையதளம், கைபேசிச் செயலி, தொலைக்காட்சி, அரங்க நுழைவில் ஸ்கேன் கருவி. ஒவ்வொன்றும் தனிப் பட்டியல் வைத்திருந்தால், சந்தா தீர்ந்தவர் ஒரு வாசலில் நிறுத்தப்பட்டு மறு வாசலில் நுழைந்துவிடுவார். ஹெட்லெஸ் முறையில் பதிவேடு ஒன்றே. எல்லா வாசல்களும் அதைக் கேட்டே முடிவெடுக்கும். திரையை மாற்றும்போது பதிவேட்டைத் தொட வேண்டியதில்லை.

சந்தா வசூலை வெளிச் சேவையிடம் விடலாம். 2011-ல் சென்னையில் தொடங்கிய சார்ஜ்பீ இத்துறையைச் சேர்ந்ததே. இந்தியாவில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்னறிவிப்பு தேவை. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். 2022 ஜூனில் அந்த வரம்பு 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்ந்தது. பெருந்தொகை தரும் புரவலரின் புதுப்பித்தலே இதில் சிக்கும் என்பது வேடிக்கை. ஆகவே பதிவேட்டில் 'செலுத்தவில்லை', 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற இரு நிலைகளும் தனித்தனியே இருக்க வேண்டும்.

ஆனால் சில நூறு உறுப்பினர்கள் கொண்ட சபாவுக்கு ஆயத்த மென்பொருளே போதும். ஹெட்லெஸ் முறைக்கு நிரந்தரமாக ஒரு நிரலாளர் வேண்டும். அந்தச் செலவைச் சந்தா தாங்காது.

பெரிய அமைப்புகள் அடிக்கடி சறுக்குவது அனுமதிச் சோதனையில்தான். உறுப்பினருக்கு மட்டுமான கச்சேரிப் பதிவைத் திரையில் மறைத்தால் போதாது. ஏபிஐ கேட்பவரைச் சோதிக்காவிட்டால், முகவரி தெரிந்த எவரும் அதை எடுத்துவிடலாம். பொதுப் பக்கங்களை விரைவுக்காகத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் சேவையகங்களில் உறுப்பினர் பக்கங்கள் தவறிச் சேர்ந்தாலும் இதே விளைவுதான்.