யன்னலோரப் பூச்சாடியும் பொய் வெளிச்சமும்

ஹேக் நகரின் மௌரிட்ஷௌஸ் அருங்காட்சியகத்தில் 1618 அளவில் வரையப்பட்ட பூ ஓவியம் ஒன்று இருக்கு. வரைந்தவர் அம்ப்ரோசியஸ் பொஸ்ஹார்ட். கல் யன்னலில் ஒரு கண்ணாடிக் குவளை, அது நிறைய டியூலிப், ரோஜா, ஐரிஸ். பின்னால் திறந்த வானம்.

எங்களுக்கு முதலில் உறுத்தினது வெளிச்சம்தான். யன்னலுக்கு முன்னால ஒராளை நிப்பாட்டிப் போனில படம் எடுத்தா முகம் கறுத்துப்போகும், எல்லாருக்கும் தெரியும். இங்கே வானம் பளிச்சென்று இருக்கு, ஆனா பூக்களிலும் முன்பக்கமிருந்து வெளிச்சம் விழுது. ஒரு பூவும் இன்னொன்றின் நிழலில் ஒளியேல்ல. இப்பிடியொரு பூங்கொத்து இருந்திருக்கவும் முடியாது. டியூலிப் வசந்தத்தில் பூக்கும், ரோஜா கோடையில். தனித்தனியாக வரைந்து வைத்த மாதிரிகளைப் பார்த்துத்தான் அவர் ஒன்றாய்ச் சேர்த்திருக்கிறார்.

ஏன் இந்தப் பொய்? வாங்கிறவர் ஒவ்வொரு பூவையும் எண்ணிப் பார்க்கவேணும். டியூலிப் அப்ப பணக்காரரின்ர சாமான். பொஸ்ஹார்ட் ஓவிய வியாபாரியும்கூட. 1621இல் 1000 கில்டர் விலைபேசின பூ ஓவியமொன்றைக் கொடுக்க ஹேக்குக்குப் போன இடத்திலதான் செத்தவர்.

இலைகளில் பூச்சி தின்ற ஓட்டைகளும் இருக்கு. வாழ்வு நிலையாது என்பதற்கான குறியீடு அது என்று வழமையாய் வாசிப்பினம். கிராம்பு வாசமடிக்கிற கார்னேஷன், ஆணி போன்ற கிராம்பின் வடிவத்தால் சிலுவையை நினைவூட்டும் என்பதும் அப்படியொரு வாசிப்பு. சரிதான். ஆனா இவ்வளவு விலைக்கு வித்த ஓவியம் நிலையாமையைப் போதிச்சதெண்டா எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வருது.

எங்கட கண் போனது குவளைக்குப் பக்கத்தில் கிடக்கிற இரண்டு சிப்பிகளுக்கு. அவை ஐரோப்பாக் கரையில் பொறுக்கினவை இல்லை, தூரக் கடலிலிருந்து வந்தவை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கினது 1602இல். டியூலிப்பைப் போலவே இந்தச் சிப்பிகளும் சேகரிப்பாளர் காசு கொட்டி வாங்கின பொருள். அவை எங்கட கடலிலிருந்து போனவை எண்டு சொல்ல வரேல்ல. ஆனா இந்த ஓவியம் காய்ந்து நாற்பது வருசத்தில், 1658இல், அதே கம்பனி யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது. பிறகு எங்கட கடலில் சங்கு குளிப்பும் அவையின்ர கையில. சங்கு வங்காளத்துக்குக் கப்பலேறினது.

அந்தச் சிப்பிகளிலும் அதே வெளிச்சம்தான், பூக்களுக்குக் கொஞ்சமும் குறையாமல்.