இந்தியத் தொலைத்தொடர்புச் சீர்திருத்தம்

அரசின் தனியுரிமையாக இருந்த தொலைபேசித் துறை 1990களில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட மாற்றம். அதற்கு முன் வீட்டு இணைப்புக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவை 1980களின் பிற்பகுதியில் தெருவுக்குத் தெரு முளைத்த, வெளியூருக்கு நேரடியாகப் பேச உதவிய எஸ்.டி.டி. பூத்துகள்: கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், இரவில் கட்டணம் குறைந்ததும் நீளும் வரிசை.

1991இன் பொருளாதாரத் தாராளமயத்தைத் தொடர்ந்து 1994இல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பைப் பேசினார். அன்று வரும் அழைப்புக்கும் காசு.

ஏலத்தில் போட்டி போட்டு உயர்த்திய உரிமத் தொகையைக் கட்ட முடியாமல் நிறுவனங்கள் திணறின. 1999ஆம் ஆண்டுக் கொள்கை அதை வருவாய்ப் பங்காக மாற்றியது. சீர்திருத்தத்தின் உண்மையான திருப்பம் இதுதான். கைப்பேசி ஏழை வீட்டுக்கும் வந்தது இதற்குப் பிறகே. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 1997இலேயே அமைந்திருந்தது. சேவையை நடத்தும் பொறுப்பு 2000 அக்டோபரில் அரசுத் துறையிடமிருந்து அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லுக்குக் கைமாறியது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின.

அலைக்கற்றைப் பங்கீட்டில்தான் பெரும் சறுக்கல். 2008இல், முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையில் வழங்கிய 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் கைப்பேசிச் சேவைக்கான அலைக்கற்றை ஏலத்தில் விற்கப்படுகிறது.