ஒரு மலையும் அதன் பல பெயர்களும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கடலோரமாகப் போகும் வீதியில் இருக்கிறது நிலாவெளி. பெயரில் புதிர் ஒன்றுமில்லை. கிழக்கிலங்கையில் திறந்து கிடக்கும் நிலத்துக்கும் வயலுக்கும் வெளி என்றே பெயர்; அதன் முன்னால் ஒரு நிலா. ஆனால் அந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று பெயராராய்ச்சிக்காரரைச் சும்மா விடாது. பத்தாம் நூற்றாண்டின் கடைசி அல்லது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணிக்கப்படும் அந்தச் சாசனம், கோயிலுக்கு 250 வேலி நிலம் விட்ட செய்தியைச் சொல்கிறது. இறைவன் நீலகண்ட மகாதேவர், கோயில் மச்சகேஸ்வரம், மலை கோணபர்வதம், ஊர் திருக்கோணமலை. ஒரே கல்லில் இத்தனை பெயர்.

இன்று ஒருவர் எண்ணிம நூலகமொன்றின் தேடுபெட்டியில் 'திருகோணமலை' என்று அடிக்கிறார். விடை பூச்சியம். உடனே "சேர்வர் வேலை செய்யவில்லை" என்கிறார். பெரும்பாலும் சேர்வர் நன்றாகத்தான் இருக்கும். பெயர்தான் வேறிடத்தில் இருக்கும். அது எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்ப்போம்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியது கோணமாமலை. பாளி நூலான மகாவம்சத்தில் இது கோகண்ண. 1223ஆம் ஆண்டுச் சோடகங்கனின் வடமொழிச் சாசனத்தில் கோகர்ணம், அதாவது பசுவின் காது. கோணம் காதானதா, காது கோணமானதா என்று வாதாடுவோர் உண்டு. இரண்டு பெயரும் அக்கம்பக்கமாக நெடுங்காலம் வழங்கின என்பதோடு நான் நின்றுகொள்கிறேன். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அவர்கள் வாயில் பெயர் திரிக்கிலிமலே ஆனது. ஆங்கிலேயர் அதை ட்ரிங்கோமலி ஆக்கினார்கள். பம்பாயில் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய போர்க்கப்பலொன்றுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஊரைத் தேடினால் கப்பலும் சேர்ந்து வருவது அதனால்தான். சிங்களத்தில் திரிகுணாமலய. ஊர்க்காரர் பேச்சில் வெறும் திருமலை. அதைத் தேடினால் திருப்பதி வந்து நிற்கும்!

இப்போது சேர்வர் பக்கம் வருவோம். இத்தகைய தேடலுக்குப் பலரும் வைப்பது எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருள். கல்வெட்டுக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என்று தனித்தனி இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கான சொல்லடைவு, போட்டிருப்பார்கள். விடை வராதபோது முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான்: இணைப்பே கிடைக்கவில்லையா, இணைப்புக் கிடைத்தும் விடை இல்லையா? இணைப்பு மறுக்கப்பட்டால் போர்ட்டைப் பாருங்கள். (திருமலைக்காரருக்குப் போர்ட் என்றால் சீனன்குடாப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றும், இது வேறு.) கிளையன்ட், அதாவது தேடலை அனுப்பும் நிரல், பேச வேண்டியது 9200உடன், 9300 சேர்வர்கள் தங்களுக்குள் பேசுவது. எட்டாம் பதிப்புக்கு முந்திய சேர்வர் நிறுவிய கையோடு தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து வருவோருக்குக் கதவைத் திறக்க முகவரியை மாற்றி அமைக்க வேண்டும். எட்டாம் பதிப்பு முதல் பாதுகாப்பு முன்கூட்டியே இயங்குவதால், பழைய கிளையன்ட் சாதாரண எச்டிடிபியில் போய்த் தட்டினால் பதிலே இல்லாமல் இணைப்பு அறுந்துபோகும்.

இவை எளிய நோய்கள், பிழைச்செய்தியே காட்டிக்கொடுத்துவிடும். வஞ்சகமானது மற்றது. இல்லாத இன்டெக்ஸை நேர்ப்பெயரில் கேட்டால் 404 என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். நட்சத்திரக் குறி போட்டுப் பொதுவாகக் கேட்டு, அந்த வடிவில் ஒரு எழுத்துப் பிசகியிருந்தால் பிழையே வராது. பணிவாகப் பூச்சியம் என்று மட்டும் சொல்லும். ஆகவே எந்தெந்த இன்டெக்ஸ் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆவணம் என்ற பட்டியலை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பட்டியலும் சரியாக இருந்தால் பெயருக்கே திரும்ப வேண்டும். திருக்குறள், திருக்கோயில் போலத் திருக்கோணமலை என்று ஒற்று மிகுவது இலக்கணம்; அரச வழக்கு திருகோணமலை. நமக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு இரண்டு சொல். 'கோ'வில் இன்னொரு பொறி. அதை யூனிகோடில் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் அச்சொட்டாக ஒரே தோற்றம்; உள்ளே வேறுவேறு எண்கள். ஒருமுகப்படுத்தாமல் ஏற்றினால் கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் அகப்படாது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இன்னும் மோசம். அதில் 'தி' என்பது ஜே, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்து. 'கோ' என்பது என், எஃப், எச் மூன்றும். எழுத்துருவைக் கழற்றினால் எஞ்சுவது ஆங்கிலக் குப்பை. இன்டெக்ஸ் அந்தக் குப்பையைத்தான் கோத்து வைத்திருக்கும். இலங்கையில் பல ஆண்டுப் பத்திரிகைகளும் மலர்களும் இந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டவை என்பதால் இது சின்னத் தொல்லையல்ல.

மருந்து கடினமில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றியபின் ஏற்றுவது, 'கோ' போன்றவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது, கோகண்ண முதல் திருமலை வரை எல்லாவற்றையும் ஒத்தசொல் பட்டியலில் சேர்ப்பது, மூன்று இன்டெக்ஸுக்கும் பொதுவாக ஒரு மாற்றுப்பெயர் வைத்துக் கிளையன்ட் அதையே கேட்கச் செய்வது. ஒத்தசொல் பட்டியலைக் கணினிக்காரர் தனியாக எழுத முடியாது. கல்வெட்டும் ஊர்வழக்கும் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தேடல் வசதிக்காக மூலப் பிரதியில் கை வைத்து மச்சகேஸ்வரத்தைத் திருகோணமலை என்று திருத்தாதீர்கள். கல்வெட்டில் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். பெயர்களுக்கிடையிலான தொடர்பை ஒத்தசொல் பட்டியலில் போடுங்கள்.