இசைத்தட்டின் நடுவட்டம்: படியெடுத்தலும் பெயரிடலும்

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடலைப் பதிவு செய்தார். பாடல் முடியும் இடத்தில் அப்பாடகி தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பது இன்றும் அந்தத் தட்டுகளில் கேட்கிறது. அதைத் தன்னம்பிக்கையின் குரலாகப் பலர் வாசித்துள்ளனர். அவ்வாசிப்பு தவறன்று. ஆயினும் அந்த அறிவிப்புக்கு ஆலை சார்ந்த காரணமும் கூறப்படுவதுண்டு. தட்டுகள் படியெடுக்கப்பட்டது கல்கத்தாவில் அன்று. ஜெர்மனியின் ஹனோவர் நகரில். பாடகியையோ மொழியையோ அறியாத ஆலைத் தொழிலாளர் சரியான லேபிளைச் சரியான தட்டில் பொருத்த, ஒலிக்குள்ளேயே ஓர் அடையாளம் வேண்டியிருந்தது.

படியெடுக்கும் முறையைக் கவனித்தால் இச்சிக்கல் விளங்கும். மெழுகுத்தட்டில் கீறப்பட்ட ஒலித்தடத்தின் மீது மின்முலாம் வழியாக உலோகம் படியவைக்கப்படும். அதைப் பிரித்தெடுத்தால் பள்ளம் மேடாக மாறிய எதிர்வார்ப்பு கிடைக்கும். அதிலிருந்து தாய் வார்ப்பும், தாயிலிருந்து அழுத்து அச்சுகளும் உருவாகும். சூடாக்கி இளக்கிய அரக்குக் கலவையை அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு பிறக்கும். லேபிள் பின்னர் ஒட்டப்படுவதன்று. அரக்கோடு அதே அச்சில் வைக்கப்பட்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பசையின்றியே தட்டில் பதிந்துவிடும். எனவே பெயரில் பிழை நேர்ந்தால் அது தட்டின் உடலிலேயே நிலைத்துவிடும்.

இதில் ஒரு முரணும் உண்டு. அரக்கு இந்தியக் காடுகளின் விளைபொருள். இந்திய அரக்கும் இந்தியக் குரலும் கடல் கடந்து சென்று, விற்பனைச் சரக்காகத் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கப்பட்ட பின் இந்தச் சுற்றுப்பாதை குறுகியது. 1928இல் டம்டம் ஆலை வந்தது. ஆனால் அழுத்துபொறி அருகே வந்ததால் மட்டும் பெயரிடும் அதிகாரம் பாடியவர் கைக்கு வந்துவிடவில்லை.

தமிழ்நாட்டிலும் பதிவும் பெயரும் வெவ்வேறு கைகளில் இருந்தன. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் நண்பர்களோடு 1930களின் தொடக்கத்தில் சென்னையில் நிறுவிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. கலைஞரைத் தேர்வதும் விற்பதும் சென்னையில் நிகழ்ந்தன. ஓடியன் என்னும் வணிகப்பெயரோ ஜெர்மானிய நிறுவனத்துடையது. லேபிளில் எதற்கு முதலிடம், எம்மொழியில் எழுதுவது, கலைஞரை எவ்வாறு குறிப்பது ஆகியவை சந்தை சார்ந்த முடிவுகள். வங்காளத் தட்டுகள் சிலவற்றில் பாடியவர் பெயருக்கருகே ‘அமெச்சூர்’ என அச்சிடப்பட்டது. பிழைப்புக்காகப் பாடும் மரபுவழிக் கலைஞரிடமிருந்து ‘கௌரவமான’ குடும்பத்தவரைப் பிரித்துக் காட்டிய சொல் அது. உள்ளங்கையளவுத் தாளில் ஒரு சமூகப் படிநிலை அச்சேறியது.

அதே தாள் சிலரைக் காத்தும் இருக்கிறது. கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஒன்று பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஜின் ‘ராகமாலிகா’ என்னும் ஆக்கத்துக்கு மூலமாயிற்று. தேவதாசி மரபில் வந்த ஒரு பாடகியின் பெயர் ஊர்ப்பெயரோடு இன்றும் ஆய்வாளருக்குக் கிடைப்பதில் அந்தச் சிறு வட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

குறுந்தகடு வந்தபோது இதே கேள்வி வேறு வடிவில் திரும்பியது. ஆலைமுறையில் கண்ணாடி மூலத்திலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டில் வார்ப்பர்; லேபிள் தகட்டின் மீதே அச்சிடப்படும். பெரும் எண்ணிக்கைக்கே அது கட்டுபடியாகும். சிறு எண்ணிக்கைக்கு, சாயப்படலத்தில் லேசரால் எழுதும் தகடும், இங்க்ஜெட் அச்சும், ஒட்டுத்தாளும் போதும். ஆனால் குறுந்தகட்டில் ஒலியைத் தாங்கும் பிரதிபலிப்புப் படலம் லேபிள் பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே உள்ளது. ஒட்டுத்தாள் சுருங்கினாலோ, அதை உரித்தாலோ, கூர்முனைப் பேனாவால் எழுதினாலோ பதிவே சிதையக்கூடும். பெயரிடும் செயலே பெயருக்குரிய பாடலை அழித்துவிடும்.

கொச்சியில் சுள்ளிக்கலுக்கு அணித்தே உள்ள மட்டாஞ்சேரி யூதத் தெருவின் நிலை இதன் கனத்தை உணர்த்தும். 1948க்குப் பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அச்சமூகத்துப் பெண்கள் கையெழுத்து ஏடுகளில் போற்றிய மலையாளப் பாடல்கள், ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்து யூத இசை ஆய்வு மையத்தின் வழியாக 2004இல் குறுந்தகடாக வெளிவந்தன. பாடுவோர் அருகிவிட்ட மரபில், தகட்டோடு இணைந்த விளக்க ஏடு லேபிளின் பணியை விரித்துச் செய்கிறது. அது பிரிந்துபோனால் எஞ்சுவது ஊரும் பேருமற்ற குரலே.

பழைய தட்டுகளை ஆராய்வோர் லேபிளோடு நின்றுவிடக் கூடாது. லேபிள் மறுவெளியீட்டில் மாறலாம். அதன் ஓரமாக, ஒலித்தடம் முடியுமிடத்தில் பொறிக்கப்பட்ட மூலப்பதிவு எண் குறிப்பிட்ட ஒரு பதிவைச் சுட்டும். ஒலியை மட்டும் கணினிக்கு மாற்றிவிட்டுத் தட்டைக் கைவிடும் இன்றைய வழக்கத்தில் இவ்விரண்டுமே தொலைகின்றன. ஹனோவர் தொழிலாளருக்காகக் கௌஹர் ஜான் சொன்ன பெயர் ஒலிக்குள் இருப்பதால் தப்பியது. அவ்வாறு சொல்ல வாய்ப்பில்லாதவர்களின் பெயர் லேபிளில் மட்டுமே இருக்கிறது.